கம்பளத்தில் நாய், பூனை சிறுநீர்: எதைக்கொண்டு எடுப்பது?

நாயோ பூனையோ கம்பளத்தில் சிறுநீர் கழித்துவிட்டால் பெரும்பாலானோர் முதலில் தேடுவது ஒரு பாட்டிலைத்தான். வினிகரா, ஆப்ப சோடாவா, கடையில் விற்கும் என்சைம் (நொதி) திரவமா என்று யோசிப்பதற்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: ஈரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? நூலோடு நின்றதா, நூலைப் பிடித்திருக்கும் அடித்துணிவரை இறங்கியதா, அதற்கும் கீழே, கம்பளத்துக்கு அடியில் விரிக்கும் மெத்தைக்கும் தரைக்கும் போய்விட்டதா? இதற்கு விடை தெரிந்தால் தேர்வில் பாதி முடிந்தது. தெரியாமல் எதை ஊற்றினாலும் மேலே மணக்கும், அடியில் நாறும்.

ஒரு சின்னக் கணக்கு. ஆரோக்கியமான நாய் ஒரு நாளில் தன் எடையில் கிலோவுக்கு 20 முதல் 40 மி.லி. வரை சிறுநீர் விடும். 15 கிலோ நாய் என்றால் நாளுக்கு 300 முதல் 600 மி.லி. அதை மூன்று நான்கு தடவையாகப் பிரித்தாலும் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 100 மி.லி. வந்துவிடும். ஸ்பிரே பாட்டிலை ஒருமுறை அழுத்தினால் வருவது 1 மி.லி. அளவுதான். பத்து முறை அடித்தாலும் 10 மி.லி. மேல்நூலைத் தாண்டி அது இறங்கவே இறங்காது. நல்ல மருந்தும் பலிக்காமல் போவதற்கு அடிக்கடி நேரும் காரணம் இதுதான்.

வாடை எங்கிருந்து வருகிறது

புதிதாக விழுந்த சிறுநீரில் யூரியா, கிரியேட்டினின், உப்புகள், கொஞ்சம் புரதம், நிறமிகள் இருக்கின்றன. அப்போது வாடை பெரிதாக இராது. பெரும்பாலும் லேசான அமிலத்தன்மையோடு இருக்கும். பாக்டீரியாக்கள் யூரியாவை உடைக்கத் தொடங்கியதும் அம்மோனியா உண்டாகிறது. கறை காரத்தன்மைக்கு மாறுகிறது. அந்தக் காரம்தான் நைலான், கம்பளிச் சாயங்களைக் கெடுத்து, பல நாள் கழித்து ஒரு மஞ்சள் திட்டையோ வெளிறிய திட்டையோ காட்டும். நிறம் அப்படிப் போய்விட்டால் அது கறையல்ல, சாயம் அழிந்த இடம். எந்தத் திரவமும் அதைத் திருப்பித் தராது.

பூனையின் கதை இன்னும் கடினம். பூனைச் சிறுநீரில் ஃபெலினைன் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் உண்டு. அது சிதையும்போது மெர்காப்டான் வகைக் கந்தகச் சேர்மம் வெளிவருகிறது. பூனை வாடை என்று நாம் தனியாக அடையாளம் காண்பது அதைத்தான். கருத்தடை செய்யாத ஆண் பூனையிடம் ஃபெலினைன் மிக அதிகம். அம்மோனியாவை வினிகரால் அடக்கலாம். இந்தக் கந்தகச் சேர்மத்தை வினிகர் அசைக்காது.

பாட்டில்களின் மீது 'யூரிக் அமிலப் படிகங்களைக் கரைக்கும்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். நாயும் பூனையும் யூரிக் அமிலத்தின் பெரும்பகுதியை உடலுக்குள்ளேயே அலன்டாயின் என்ற, நீரில் எளிதாகக் கரையும் பொருளாக மாற்றிவிடுகின்றன. டால்மேஷியன் நாய் இதற்குத் தெரிந்த விதிவிலக்கு. ஆகவே அந்த ஒரு வாசகத்தைப் பார்த்து விலையுயர்ந்த பாட்டிலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

அடுத்து உப்புகள். காய்ந்த சிறுநீரின் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கோடையில் 'போய்விட்டது' என்று நம்பிய வாடை ஐப்பசி மழையில் எழுந்து நிற்பது இதனால்தான். உப்பை எந்த நொதியும் தின்னாது, எந்த அமிலமும் அழிக்காது. நீரில் கரைத்து வெளியே உறிஞ்சி எடுப்பது மட்டுமே வழி. மற்ற எல்லா முறைகளையும்விட உறிஞ்சுவதை முன்னால் வைப்பதற்கு இதுவே காரணம்.

முதலில் கம்பளம் எந்த வகை என்று பாருங்கள்

ஓரத்தில் ஒரு நூலைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்து, வாஷ்பேசின் மேல் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, கரி விரலில் நொறுங்கினால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரிவதுபோல் எரிந்து சாம்பலானால் பருத்தி, சணல், விஸ்கோஸ். உருகிச் சுருங்கிக் கெட்டி உருண்டையானால் நைலான், பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன் ஆகிய செயற்கை இழைகள்.

பிறகு சாயச் சோதனை. பயன்படுத்தப் போகும் திரவத்தில் வெள்ளைத் துணியை நனைத்து, கண்ணில் படாத மூலையில் பத்து நிமிடம் அழுத்தி வையுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தத் திரவம் அந்தக் கம்பளத்துக்கு ஆகாது. கம்பளத்தில் எத்தனை நிறம் உண்டோ அத்தனையிலும் பார்க்க வேண்டும். சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் ஏமாற்றும்.

பாலிப்ரொப்பிலீன் விரிப்பு எல்லாவற்றிலும் எளிது. இழை நீரைக் குடிக்காது, சாயம் இழைக்குள்ளேயே இருக்கும். கீழே சொல்லப்போகும் எல்லா முறைகளையும் அது தாங்கும். நைலானும் பாலியெஸ்டரும் ஓரளவு தாங்கும். கம்பளிக்கு அமிலம் ஒத்துக்கொள்ளும், காரம் ஆகாது. பட்டுக்கும் அப்படியே. விஸ்கோஸ் விரிப்புகள் (ஆர்ட் சில்க், பாம்பூ சில்க் என்ற பெயரில் விற்பவை) நனைந்தால் வலுவிழக்கும், வெறும் தண்ணீர் பட்டாலே மஞ்சளாகும். அவற்றில் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இழையோடு கட்டமைப்பையும் பார்க்க வேண்டும். விரிப்பைப் புரட்டினால் பின்பக்கமும் அதே வடிவம் முடிச்சு முடிச்சாகத் தெரிகிறதா? அது கையால் முடிச்சிட்டது, மூழ்கவைத்துக் கழுவலாம். பின்பக்கம் ஒரு துணி ஒட்டியிருந்து வடிவம் மறைந்திருந்தால் அது டஃப்டட் வகை. நூலுக்கும் அந்தத் துணிக்கும் நடுவே லேடெக்ஸ் பசை இருக்கிறது. சிறுநீர் அந்தப் பசைக்குள் போய்விட்டால் வெளியே கொண்டுவருவது மிகக் கடினம். ஊறவைத்தால் பசையே விட்டுப்போகும்.

ஈரமாக இருக்கும்போதே செய்ய வேண்டியது

தேய்க்கக் கூடாது. தேய்த்தால் ஈரம் அகலமாகப் பரவும், நூல்முனை பிரிந்து அந்த இடம் மட்டும் எப்போதும் மங்கலாகத் தெரியும். பழைய பருத்தித் துண்டை நான்காக மடித்துக் கறைமேல் போட்டு, அதன்மேல் ஏறி நின்று ஒரு நிமிடம் முழு எடையையும் கொடுங்கள். குதிகால் அழுத்தம் கை அழுத்தத்தைவிடப் பல மடங்கு. துண்டை மாற்றி மாற்றி, ஈரம் ஏறாமல் வரும்வரை இதைச் செய்ய வேண்டும். தனி விரிப்பு என்றால் அடியிலும் ஒரு துண்டை வைத்து, இரண்டுக்கும் நடுவே அழுத்துங்கள். தரையைத் துடைக்கவும் மறக்க வேண்டாம். டைல்ஸ் இணைப்புக் கோடுகளில் தங்கும் சிறுநீரைக் கம்பளத்தின் வாடை என்று நினைத்து ஏமாறுவது உண்டு.

அதற்குப்பின் குளிர்ந்த நீர். விழுந்த சிறுநீரைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீரை மெதுவாக ஊற்றி, உடனே உறிஞ்ச வேண்டும். இங்கே துண்டைவிட ஈரமும் உறிஞ்சும் வேக்குவம் கிளீனர் பல மடங்கு மேல். பை வைத்த சாதாரண வேக்குவத்தை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். மோட்டாருக்குள் நீர் போனால் மின்சாரம் தாக்கும். ஊற்றுவது, உறிஞ்சுவது என்று மூன்று சுற்று. தொட்டியில் சேரும் நீர் நிறமும் வாடையும் இல்லாமல் வந்தால் போதும். ஊற்றும்போது கறையின் வெளிவிளிம்பிலிருந்து நடுவை நோக்கி வாருங்கள்.

புதிய கறை, செயற்கை இழை, அடிமெத்தை இல்லாத விரிப்பு, நாய்ச் சிறுநீர்: இந்த நான்கும் சேர்ந்திருந்தால் பல நேரம் இதோடு வேலை முடிந்துவிடும். வேறெதுவும் வாங்க வேண்டியதில்லை.

வினிகர், ஆப்ப சோடா

வெள்ளை வினிகர் நம் கடைகளில் 4 சதவீத அசெட்டிக் அமிலமாகக் கிடைக்கிறது. சம அளவு நீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, நீரால் அலசி உறிஞ்சினால் அம்மோனியா அடங்கும். காரத்தால் நிறம் மாறத் தொடங்கிய இடமும் ஓரளவு நிலைபெறும். கம்பளிக்கு இது பொருத்தமான முதல் மருந்து. பழுப்பு வினிகரும் ஆப்பிள் வினிகரும் வேண்டாம், அவையே கறை. ஒரு எச்சரிக்கை: கம்பளத்துக்குக் கீழே மார்பிள் தரை இருந்தால் வினிகர் இறங்கி அதன் மெருகை அரித்துவிடும். விரிப்பைத் தூக்கிப் பால்கனியிலோ குளியலறையிலோ வைத்துத்தான் செய்ய வேண்டும்.

ஆப்ப சோடாவின் புகழ் அதன் வேலையைவிடப் பெரியது. காய்ந்த கம்பளத்தின் மேல் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் உறிஞ்சினால் மேல்மட்ட வாடை ஒன்றிரண்டு நாள் குறையும். அடித்துணிக்குள் இருப்பதை அது தொடாது. நுண்ணிய தூள் வேக்குவத்தின் வடிகட்டியை அடைக்கும். ஈரக் கம்பளத்தில் தூவினால் கல்லாக இறுகும். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகப் போட்டு நுரை பொங்குவதைக் காட்டும் காணொளிகள் ஏராளம். அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டபின் மிஞ்சுவது உப்பு கலந்த நீர். நுரை அழகாக இருக்கும், வேலை எதுவும் நடந்திருக்காது.

என்சைம் திரவம்

இந்தப் பாட்டில்களில் இருப்பது புரதம், யூரியா போன்றவற்றை உடைக்கும் நொதிகள், அல்லது அந்த நொதிகளைச் சுரக்கும் பேசிலஸ் வகை பாக்டீரியாக்களின் வித்துகள், அல்லது இரண்டும். வெறும் நொதி உள்ளது சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் ஓயும். பாக்டீரியா உள்ளது மெதுவாகத் தொடங்கும், ஈரம் இருக்கும்வரை வேலை செய்துகொண்டே இருக்கும். பழைய கறைக்குப் பாக்டீரியா உள்ளதே மேல்.

இது தோற்கும் விதங்கள் எல்லாருக்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒன்று, அளவு போதாது: விழுந்த சிறுநீர் அளவுக்காவது, பழைய கறையென்றால் ஒன்றரை மடங்காவது ஊற்ற வேண்டும். இரண்டு, நேரம் போதாது. பாட்டிலில் 10, 15 நிமிடம் என்று எழுதியிருப்பது மேற்பரப்புக் கறைக்கு. அடிவரை போன கறைக்கு 24 மணி நேரம் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். ஊற்றியபின் பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களில் புத்தகமோ தட்டோ வைத்து அழுத்துங்கள். மின்விசிறிக் காற்றில் நொதித் திரவம் ஒரு மணியில் காய்ந்துவிட்டால் அது செத்த மருந்து. மூன்று, முன்பு ஊற்றிய பினாயில், ப்ளீச்சிங், கிருமிநாசினியின் மிச்சம் நொதியையும் பாக்டீரியாவையும் கொன்றுவிடுகிறது. ஆகவே முதலில் இரண்டு மூன்று முறை நீரால் அலசி உறிஞ்சிவிட்டே ஊற்ற வேண்டும். வெந்நீரும் ஆகாது. நம் ஊர் வெப்பநிலையே இவற்றுக்குப் போதும்.

வேலை நடக்கும்போது முதல் நாள் வாடை கூடுவதுபோல் தோன்றும். ஈரம் பட்டுப் பழைய உப்பும் அம்மோனியாவும் கிளம்புவதால் அப்படி. அதைக் கண்டு நடுவில் நறுமண ஸ்பிரே அடித்துக் கெடுக்காதீர்கள். முடிந்தபின் நீரால் அலசி உறிஞ்சுவது அவசியம். மிஞ்சிய திரவம் பிசுபிசுத்து அழுக்கை இழுக்கும்.

கம்பளிக்கும் பட்டுக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. அவையே புரதம். புரதம் உடைக்கும் நொதி நீண்ட நேரம் அவற்றில் ஊறினால் இழையையே மெலியச் செய்யும். கம்பளிக்கு ஏற்றது என்று பாட்டிலில் எழுதியிருந்தாலொழிய 24 மணி நேர ஊறல் வேண்டாம்.

வீட்டில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலை வெல்லத்தோடு மூன்று மாதம் புளிக்கவைத்துச் செய்யும் 'பயோ என்சைம்' பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்து பங்கு நீர் என்ற அந்தக் கலவை டைல்ஸ் துடைக்க நல்லது. அதில் வேலை செய்வது பெரும்பாலும் புளிப்பில் உண்டான அமிலம். கம்பளத்துக்கு அதன் பழுப்பு நிறமும் மிச்சச் சர்க்கரையும் புதிய கறை, எறும்பு வரும். கம்பளத்தில் ஊற்றாதீர்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு

பூனை வாடைக்கு, செயற்கை இழையில், இதைவிட வேகமாக வேலை செய்வது வேறில்லை. கந்தகச் சேர்மத்தை ஆக்சிஜனேற்றி, வாடையில்லாத பொருளாக மாற்றிவிடுகிறது. 1993இல் பால் கிரேபாம் என்ற அமெரிக்க வேதியியலர், ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சிய நாற்றத்தைப் போக்க, பெராக்சைடு, ஆப்ப சோடா, பாத்திரம் கழுவும் திரவம் மூன்றையும் கலந்த செய்முறையை வெளியிட்டார். ஸ்கங்க் நாற்றமும் மெர்காப்டான் வகைதான். அதே வேதியியல் பூனைக்கும் பொருந்துகிறது.

நம் மருந்துக்கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். லேபிளில் 20 வால்யூம் என்றிருக்கும். அதில் சம அளவு நீர் கலந்தால் 3 சதவீதம் ஆகும். 250 மி.லி. 3 சதவீதக் கரைசலுக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா, சில துளி பாத்திரம் கழுவும் திரவம். கையுறை போட்டு, திறந்த பாத்திரத்தில் கலந்து, உடனே ஊற்றுங்கள். மிஞ்சியதைப் பாட்டிலில் அடைத்து வைக்கவே கூடாது. ஆக்சிஜன் தொடர்ந்து வெளியேறும், பாட்டில் வெடிக்கும். அரை மணி முதல் ஒரு மணி வரை விட்டு, நீரால் இரண்டு முறை அலசி உறிஞ்ச வேண்டும்.

இது வெளுக்கும் மருந்து என்பதை மறக்க வேண்டாம். சாயச் சோதனை இங்கே கட்டாயம், அதுவும் அரை மணி நேரம். சோடா சேர்ந்து காரமாவதால் கம்பளிக்கும் பட்டுக்கும் இது கூடவே கூடாது. வினிகர் ஊற்றிய இடத்தில் அலசாமல் இதை ஊற்றினால் பெராசெட்டிக் அமிலம் உண்டாகும். கண்ணையும் மூச்சையும் எரிக்கும். நொதித் திரவத்தோடும் சேர்க்காதீர்கள், நொதி அழிந்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் நொதி முதல் நாள். அலசிக் காயவைத்து, பூனை வாடை மிஞ்சியிருந்தால் பிறகு பெராக்சைடு.

பினாயிலும் ப்ளீச்சிங் பவுடரும்

இரண்டும் வேண்டாம். கரும்பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருள்களைச் சிதைக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் பட்டதை நக்கினாலே நஞ்சு ஏறும். வெள்ளைப் பினாயிலின் பைன் எண்ணெயும் பூனைக்கு ஆகாது. தரை துடைக்கும் பல கிருமிநாசினிகளில் உள்ள பென்சால்கோனியம் குளோரைடு பூனையின் நாக்கிலும் வாயிலும் புண்ணாக்கும். ப்ளீச்சிங் சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் வாயு, வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு. கம்பளி இழையை ப்ளீச்சிங் கரைத்தே விடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் வேறு வகையில் கெடுதி: அந்த வாடை நாய்க்கும் பூனைக்கும் 'இங்கே சிறுநீர் கழிக்கலாம்' என்று சொல்கிறது.

இயந்திரமா, ஆள் வைத்துச் செய்வதா

கையில் பிடிக்கும் நீராவிக் கருவியைச் சிறுநீர்க் கறைமேல் காட்டாதீர்கள். சூடு புரதத்தையும் நிறமியையும் இழையில் பதியவைக்கும். கனடா, பிரிட்டன் வீடுகளில் 'ஸ்டீம் கிளீனிங்' என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் நீராவி அல்ல. வெந்நீரைப் பாய்ச்சி உடனே உறிஞ்சும் முறை. குளிர்நீரில் அலசி முடித்தபின் அது நல்ல முறைதான். ரக் டாக்டர் போன்ற வாடகை இயந்திரத்தை எடுத்தால், ஷாம்புவோடு ஒரு சுற்று ஓட்டி, வெறும் நீரோடு இரண்டு சுற்று, பிறகு நீர் விடாமல் உறிஞ்சும் சுற்று மட்டும் மூன்று நான்கு என்று ஓட்டுங்கள். கடைசிச் சுற்றுகளைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். கம்பளம் இரண்டு நாள் காயாமல் பூஞ்சை வாடை அடிப்பது அதனால்தான். இந்த இயந்திரம் நூலையும் அடித்துணியையும் சுத்தம் செய்யும். மெத்தையில் தேங்கியதை முழுக்க இழுக்காது.

ஆளை அழைத்தால் கேட்க வேண்டிய கேள்வி இது: மேலே ஷாம்பு போட்டுத் தேய்ப்பீர்களா, அடியிலிருந்து உறிஞ்சுவீர்களா? சுவரோடு சுவராக விரித்த கார்பெட்டுக்கு, மேலிருந்து அழுத்தி மெத்தையிலுள்ள நீரை இழுக்கும் வாட்டர் கிளா என்ற தட்டைக் கருவி அவர்களிடம் இருக்க வேண்டும். கம்பளியில் கையால் முடிச்சிட்ட காஷ்மீர், உத்தரப் பிரதேசத்துப் பதோஹி விரிப்புகளுக்கு, தொட்டியில் முழுக்க மூழ்கவைத்துக் கழுவும் இடத்துக்கே கொடுங்கள். வீட்டுக்கு வந்து மேலே நுரை போடுகிறவர்களிடம் கொடுத்தால் அடியில் இருப்பது அடியிலேயே இருக்கும்.

பவானி ஜமுக்காளம் போன்ற பருத்தி விரிப்புக்கு இவை எதுவும் தேவையில்லை. குளிர்நீரில் அரை மணி, நீரை மாற்றி இன்னொரு அரை மணி; பிறகு நொதி கலந்த சாதாரணத் துணித்தூளில் ஒரு மணி நேரம், அலசி, இரு பக்கமும் வெயில். இரவு முழுக்க ஊறவிட்டால் சிவப்புப் பட்டையின் சாயம் பக்கத்துப் பட்டைக்கு ஏறும்.

வாந்தி, மலம்

மலத்தை ஒற்றக் கூடாது, வழித்தெடுக்க வேண்டும். இளகியிருந்தால் கொஞ்சம் காயவிட்டு, தட்டையான அட்டையால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வழியுங்கள். பிறகு குளிர்நீர், நொதி. வாந்தியிலும் அதே வரிசை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மஞ்சள் போட்ட சோறு தின்ற நாய் வாந்தி எடுத்த இடத்தில் ஆப்ப சோடாவோ சோப்போ பட்டால் மஞ்சள் கறை செங்கல் நிறமாகும். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும். அங்கே முதலில் வினிகர் நீர்தான். நிறம் திரும்ப மஞ்சளாகும். வெள்ளை, பழுப்புச் செயற்கை விரிப்பென்றால் அதன்பின் வெயிலில் காட்டுங்கள். சூரிய ஒளியில் குர்குமின் தானாகவே மங்கும்.

எங்கே என்றே தெரியாத பழைய வாடை

இரவில் விளக்கணைத்து புற ஊதா டார்ச்சால் பாருங்கள். 395 நானோமீட்டர் டார்ச் மலிவு, ஆனால் ஊதா வெளிச்சம் அதிகமாகி ஒளிர்வை மறைக்கும். 365 நானோமீட்டர் தெளிவாகக் காட்டும். ஒளிர்வதெல்லாம் சிறுநீர் அல்ல. சலவைத்தூளின் மிச்சமும் ஒளிரும். சந்தேகமான இடத்தில் நீர் தெளித்து, ஐந்து நிமிடம் கழித்து முகர்ந்து உறுதி செய்யுங்கள். வீட்டிலேயே இருப்பவர் மூக்கு பழகிப்போயிருக்கும். வெளியிலிருந்து வந்தவரை முகரச் சொல்வது நல்லது. கிடைத்த இடத்தைச் சுற்றி நூல் ஒட்டி அடையாளம் வையுங்கள், விளக்குப் போட்டதும் கண்ணுக்குத் தெரியாது.

திரவம் இறங்க இறங்க அகலும். மேலே உள்ளங்கை அளவு கறை மெத்தையில் சாப்பாட்டுத் தட்டளவு இருக்கும். நொதியைத் தெரியும் கறைக்கு வெளியேயும் 10 முதல் 15 செ.மீ. வரை ஊற்றச் சொல்வது அதனால்தான்.

ஒரே இடத்தில் மாதக்கணக்காக நடந்திருந்தால் திரவங்களை நிறுத்திவிட்டு மெத்தையை மாற்றுவதே சிக்கனம். மூலையில் கார்பெட்டை இடுக்கியால் பிடித்துத் தூக்குங்கள். ஓரத்திலிருக்கும் ஆணிப்பட்டை கையைக் கிழிக்கும், கவனம். கறைக்கு வெளியே 15 செ.மீ. விட்டு ஃபோம் மெத்தையைச் சதுரமாக அறுத்தெடுத்து, கார்பெட்டின் அடிப்பக்கத்துக்கும் தரைக்கும் நொதி போட்டு, அலசி, முழுக்கக் காயவிட வேண்டும். பலகைத் தரையோ கான்கிரீட்டோ, வாடை உள்ளே ஊறியிருந்தால் அரக்கு அடிப்படையிலான ப்ரைமர் இரண்டு பூச்சு. நீர் அடிப்படையிலான சாதாரணப் பெயின்ட் வாடையை நிறுத்தாது. பிறகு அதே தடிமனும் அடர்த்தியும் உள்ள மெத்தைத் துண்டு. தடிமன் மாறினால் காலில் பள்ளம் தட்டும்.

டஃப்டட் விரிப்பில் பூனைச் சிறுநீர் பசைவரை போய், நொதியை முறையாக இரண்டு முறை போட்டும் ஈர நாளில் வாடை வருகிறதென்றால் அதைத் தூக்கிப்போடுங்கள். மூன்றாவது பாட்டில் வாங்கும் பணமும் வீண், கழுவக் கொடுக்கும் பணமும் வீண்.

காயவைப்பது

எந்த முறையானாலும் 24 மணி நேரத்தில் காய வேண்டும். 48 மணியைத் தாண்டினால் பூஞ்சை. விரிப்பை இரண்டு நாற்காலிகளின் மேல் போட்டு, அடியிலும் காற்றுப்போக மின்விசிறியைத் தரையில் வையுங்கள். கார்த்திகை மழையில் ஏ.சி.யின் உலர் முறை கைகொடுக்கும். சணல் அடித்துணி உள்ளவை மெதுவாகக் காய்ந்தால் அடியிலிருந்து பழுப்பு நிறம் மேலேறி வரும். கறை திரும்பி வந்ததென்று பலர் நினைப்பது சில நேரம் இந்தப் பழுப்புதான். நீர்த்த வினிகர் போட்டு உடனே காயவைத்தால் பெரும்பாலும் குறையும்.

காய்ந்து வாடை போனபின்னும் நாய் அதே இடத்துக்குப் போனால், சில நாள் அங்கே அதன் சாப்பாட்டுத் தட்டை வையுங்கள். பூனை என்றால் முதலில் மணல் தட்டைப் பாருங்கள்: ஒரு பூனைக்கு ஒரு தட்டு, கூடுதலாக இன்னொன்று, தினமும் அள்ளிய மணல். தட்டு சுத்தமாக இருந்தும் பூனை திடீரெனக் கம்பளத்தில் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால் சிறுநீர்ப்பை அழற்சியோ கல்லோ இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் பூனை அடிக்கடி குந்தி முக்கியும் சொட்டுச் சொட்டாகவோ, எதுவுமே வராமலோ இருந்தால் சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கிறது. அது ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும் நிலை. கம்பளத்தை அப்படியே விட்டுவிட்டு, அந்த மணியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.